பலகை மாட்டிய குழாய்கள்

வைகாசி 8

அவையோரே, கடற்கரைச் சொந்தங்களே,

எதிரில் அவை இல்லை என்பதை அறிவேன். இது என் வீட்டு மேசை. அடுக்களையில் என் துணைவி கோமளவல்லி மீன் ஆய்ந்துகொண்டிருக்கிறாள். ஆயினும் வாழ்நாளெல்லாம் மேடையில் நின்றவனுக்கு யாரையேனும் விளிக்காமல் ஒரு வரியும் ஓடுவதில்லை. விளித்துவிட்டேன், முறையீட்டையும் சொல்லிவிடுகிறேன். இன்று என் ஊரார் முன்னிலையில் நான் எள்ளப்பட்டேன்.

கீழமுனைக்குப்பம் மீனவர் கூட்டுறவுச் சங்கம் சொந்தமாகப் பனிக்கட்டி ஆலை கட்டுகிறது. படகுகள் வலை நிறைய மீனோடு கரையேறும் நாளில் பனிக்கட்டியைப் பதுக்கி, மீன் நாறத் தொடங்கியபின் கேட்ட விலைக்கு விற்கும் வணிகர்களிடமிருந்து விடுதலை வேண்டும் என்று ஊர் ஊராக முழங்கியவன் நான். அரசின் நல்கை அந்த முழக்கத்தால் வந்தது. அதனால்தான் சங்கத் தலைவர் சிங்காரவேலு என்னையே திட்டப் பொறுப்பாளராக அமர்த்தினார். மீன்பிடித் தடைக்காலம் முடிகிற வைகாசிக் கடைசி இரவில், படகுகள் நம் பனிக்கட்டியோடு கடலுக்குப் போக வேண்டும். அதுவே எனக்கு இட்ட பணி.

இன்றைய கூட்டத்தில் விசைப்படகு உரிமையாளர் ஒருவர் எழுந்தார்.

"எல்லாஞ் சரி தலைவரே. நம்ம புலவரய்யாவுக்கு ஐஸ்ஸப் பத்தி என்ன தெரியும்? சர்பத்துல போட்டுக் குடிச்சிருப்பாரு. அதானே?"

சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து நான் எழுந்தேன்.

"படை நடத்துகிறவன் வாளைக் காய்ச்சி அடிக்க வேண்டுமா? தேர் இழுக்க ஊரைத் திரட்டுகிறவன் அச்சாணி செதுக்க வேண்டுமா? பொறியை அறிந்தவர் பொறியைப் பார்க்கட்டும். நான் மாந்தரை அறிந்தவன், மாந்தரை நடத்துகிறேன்."

கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். தட்டாமல் இருந்தவர் ஒருவரே: ஆலையின் குளிர்பதனப் பொறியாளர். தூத்துக்குடிக்காரர், முப்பது அகவை இருக்கும், பெயர் பெனிட்டா. அயற்பெயர் என் நாவில் ஏற மறுப்பதால் முதல் நாளே அவருக்கு 'அருளி' என்று பெயர் சூட்டினேன்.

"மெஷினுக்கு வைங்கய்யா பேரு. எனக்கு எங்கம்மா வச்சுட்டா," என்றார் அன்று. நான் அருளி என்றே அழைக்கிறேன். இங்கும் அப்படியே எழுதுவேன்.

கூட்டம் கலைந்தபின் அவர் அருகில் வந்தார். "பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு. நாளைக்குக் காலைல பிளாண்டுக்கு வாங்களேன். பிரஷர் கேஜ எப்படிப் பாக்கணும்னு காட்டித் தாரேன். பெரிய வித்தையெல்லாம் இல்ல. ஒரு டீ குடிக்கிற நேரந்தான்."

"அதற்குத்தான் நீ இருக்கிறாயே, அம்மா."

"நான் இல்லாத அன்னிக்கு?"

வண்டி காத்திருக்கிறது என்று சொல்லி வந்துவிட்டேன்.

வைகாசி 11

மின்கட்டணம் செலுத்தினேன். கண்ணாடிக்குப் புதுச் சட்டம் போட்டேன். கொல்லைக் குழாய் சொட்டுகிறது; கோமளவல்லி அதற்குத் துணி சுற்றிக் கட்டியிருக்கிறாள்.

ஆலையின் ஒவ்வோர் உறுப்புக்கும் தூய தமிழில் பெயர் ஆக்கும் பணி இன்று நிறைவுற்றது. 'கம்ப்ரஸர்' இனி அமுக்கப்பொறி. 'கண்டன்ஸர்' இனி செறிகலம். 'பிரைன் டேங்க்' உப்புநீர்த் தொட்டி. 'கேஜ்' அழுத்தமானி. நீல வண்ணத்தில் வெள்ளை எழுத்துகளுடன் கனத்த இரும்புப் பலகைகள் எழுதக் கொடுத்துவிட்டேன். நாட்டில் எந்த ஆலையிலும் இப்படி ஒரு காட்சி இராது.

பெயர் சூட்டச் சூட்ட, அந்த இரும்புக் காடு என் சொந்தக் கொல்லைபோல் ஆயிற்று. எது எங்கே நிற்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஐஸ்ஸைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டவர் இனி வந்து கேட்கட்டும்.

கோமளவல்லியிடம் பெயர்களைப் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. நம்ம கொல்லக் குழாய்க்கும் ஒரு பேரு வச்சிடுங்க, ஒழுகாம இருக்குமா பாப்போம்," என்றாள்.

வைகாசி 15

ஆலையில் மகிழ்ச்சி. குழாய்த் தொடர் முழுவதையும் ஏதோ சோதனை செய்து தேறிவிட்டது என்று அருளி அறிவித்தார். தம் ஊரிலிருந்து வரவழைத்த மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தைப் பிரித்து, கட்டட ஆள்கள் முதல் காவலாளிவரை எல்லாருக்கும் கொடுத்தார். எனக்கு இரண்டு.

"முள்ளு அசையவே இல்லய்யா. நேத்து எங்க நின்னுச்சோ அங்கயே நிக்கி."

"மிக நன்று," என்றேன். எந்த முள், ஏன் அசையக் கூடாது என்று கேட்க வாய் வந்தது. கேட்டிருந்தால் அங்கே நின்றவர்கள் முன் தெரியாதவன் ஆகியிருப்பேன். மக்ரூனைப் புகழ்ந்துவிட்டு வந்தேன்.

வைகாசி 18

தம்பியின் திருமண உறுதிக்காக அருளி ஊர் சென்றிருக்கிறார். அவர் திரும்பும்போது வியக்கட்டும் என்று பலகைகளை இன்றே ஏற்றிவிட்டேன்.

எழுதியவர் சுவரில் மாட்டலாம் என்றார். சுவரில் மாட்டினால் எது எதன் பெயர் என்று யாருக்குத் தெரியும்? அந்தந்த உறுப்பின் தலைமேல், குழாயிலேயே நிற்க வேண்டும் என்றேன். பற்றவைப்பவர் ராயர் தயங்கினார்.

"பைப்பு மேலயே கம்பி வச்சு அடிச்சிரவாய்யா? இன்ஜினியரம்மா வந்துரட்டுமே. ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு..."

"இங்கே பொறுப்பாளன் நானா, அவரா?"

"நீங்கதான்," என்று முகமூடியை இறக்கிக்கொண்டார்.

மாலைக்குள் எல்லாம் முடிந்தது. குழாய்மேல் தாங்கிகள், தாங்கிகள்மேல் பலகைகள். பற்றவைத்த இடங்களுக்கு வண்ணம் பூசியதும் தழும்புகூடத் தெரியவில்லை. வாசலில் நின்று படித்தால், ஒரு செய்யுளைப் படிப்பதுபோல் இருக்கிறது.

வைகாசி 20

அருளி திரும்பினார். வாசலில் நின்று பலகைகளைப் பார்த்தார். முகம் கறுத்தது. தூய தமிழ் அவருக்கு ஒவ்வாது போலும்.

"யாரு வெல்டு அடிச்சது?"

"அழகாக இல்லையா?"

"நான் கேக்கது வேற. டெஸ்ட் முடிஞ்ச லைன்ல யாரு கை வச்சது?"

நான் என்றேன். அவர் ஏணியை எடுத்துவந்து ஏறினார். ஒரு தாங்கியின் அடியில் விரல் நகத்தால் வண்ணத்தைச் சுரண்டிப் பார்த்தார். இறங்கியபின் சொன்னார்: எல்லாத் தாங்கிகளையும் அறுத்தெடுக்க வேண்டும், குழாயைச் செப்பனிட வேண்டும், சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

"பத்து நாளாவது ஆகும்யா."

பத்து நாள் என்றால் தடைக்காலம் முடியும் இரவில் பனிக்கட்டி இல்லை. படகுகள் மீண்டும் அதே வணிகர் வாசலில் நிற்கும். ஊர் என் முகத்தில் விழிக்குமா? ஒருமுறை தேறிய மாணவனை மறுபடியும் தேர்வெழுதச் சொல்லும் ஆசிரியரை நான் கண்டதில்லை என்றேன். உவமை நன்றாகவே அமைந்தது. அவர் சிரிக்கவில்லை.

வைகாசி 22

யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல் சிங்காரவேலு நழுவிக்கொண்டார். "ரெண்டு பேரும் ரெண்டு சொல்றீங்க. ஊருல வைப்போம். ஊரு சொல்றதக் கேப்போம்." எங்கள் குப்பத்தில் வலைச் சண்டையானாலும் வரப்புச் சண்டையானாலும் கோயில் திடலில் வைத்துக் கை தூக்கித் தீர்ப்பதே வழக்கம். இதையும் அப்படியே வைத்தார்கள்.

அருளி முதலில் பேசினார். ஒலிவாங்கியை வாயிலிருந்து எட்டப் பிடித்திருந்தார்; பாதி கேட்கவில்லை.

"வெல்டு வச்ச எடத்துல பைப்பு மெலிஞ்சிருக்கலாம். வெளிய பாத்தாத் தெரியாது. பலகை வேற கனம். மோட்டார் ஓடும்போது ஆட்டம் குடுக்கும். உள்ள போவப் போறது அமோனியா..."

"மெலிஞ்சிருக்கலாமா, மெலிஞ்சிருக்கா?" என்றது ஒரு குரல்.

"டெஸ்ட் போட்டாத்தான் தெரியும்ணே."

"அப்ப ஒங்களுக்கே தெரியாது. அதச் சொல்லுங்க."

சிரிப்பு. அவர் மேலும் ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் அவருடைய கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினேன்.

"அலை வீட்டுக்குள் வந்த ஊர் இது. மறுநாள் அதே கடலில் படகு இறக்கிய ஊர் இது. இந்தப் பெண் அஞ்சுகிறார். அச்சம் அவர் உரிமை. அவரைக் குறை சொல்லேன். ஆனால் கடலுக்கு அஞ்சாதவர்கள் ஓர் இரும்புக் குழாய்க்கு அஞ்சுவோமா? என்னை நம்புகிறவர்கள் கை உயர்த்துங்கள்."

திடல் முழுதும் கைகள். பால்குடிப் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த பெண்களும் மற்றக் கையை உயர்த்தினார்கள்.

'அஞ்சுகிறார்' என்னும் சொல்லை அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அது வேண்டியதில்லை.

வைகாசி 23

இரவு உறக்கம் இல்லை. புழுக்கம்.

வைகாசி 26

அமோனியா நிரப்பப்பட்டது. அருளி வேலையை விட்டுப் போய்விடுவார் என்று சிங்காரவேலு சொல்லியிருந்தார். போகவில்லை. காலை முதல் குழாய்களின் அடியில் நடந்துகொண்டே இருக்கிறார், நின்று மோந்து பார்க்கிறார், மறுபடி நடக்கிறார்.

"கோபம் தீர்ந்ததா, அம்மா?" என்றேன்.

"கோவமெல்லாம் என்னத்துக்குய்யா. நான் போயிட்டா, வாசம் வந்தா ஓடணும்னு இங்க யாருக்குத் தெரியும்?"

முகக்கவசம் ஒன்றுதான் இருக்கிறது, இன்னும் வேண்டும் என்றார். விழா முடியட்டும் என்றேன்.

வைகாசி 30, காலை

வேட்டி சலவையிலிருந்து வந்துவிட்டது. முதல் பனிக்கட்டிப் பாளங்கள் கண்ணாடிபோல் இறங்கியுள்ளன. மாலை நான்கு மணிக்குத் திறப்பு விழா. ஆலை முற்றத்திலேயே மேடை. தொடக்க வரியைக் குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். குரல் நன்றாக இருக்கிறது.

வைகாசி 31

நேற்று விழாவின்போது ஆலையில் அமோனியாக் கசிவு நேர்ந்தது. நான் ஒலிவாங்கி வாயிலாக மக்களுக்கு வழிகாட்டினேன். உயிரிழப்பு இல்லை. கருவாட்டுக் களத்துப் பெண்கள் சிலர் மூச்சுத் திணறி மருத்துவமனை சென்று திரும்பினர். பொறியாளர் அருளி முகக்கவசத்துடன் உள்ளே சென்று, மயங்கிக் கிடந்த பொறி இயக்குபவரை இழுத்து வந்தார். அதற்குள் கவசத்தின் ஆற்றல் தீர்ந்துவிட்டது. ஈரத் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு மறுபடியும் போய்க் குழாயின் அடைப்பிதழை (வால்வை) மூடினார். நாகப்பட்டினம் மருத்துவமனையில் இருக்கிறார். கண்களைக் கட்டியிருக்கிறார்கள். தொண்டை வெந்து குரல் எழவில்லை என்கிறார்கள்.

என் சட்டையைக் கோமளவல்லி இருமுறை துவைத்துவிட்டாள். நெடி போகவில்லை.

ஆனி 1

படகுகள் இரவே போய்விட்டன. பனிக்கட்டி அதே வணிகர்களிடம் வாங்கியது. என் வீட்டைக் கடந்துதான் கரைக்குப் போக வேண்டும். யாரும் ஏசவில்லை. யாரேனும் ஏசியிருக்கலாம்.

ஆனி 3

சிங்காரவேலு வந்தார். காப்பி குடித்தார். மழை வருமா என்று பேசினார். பிறகு சொன்னார்.

"போலீசுல அந்தப் பொண்ணு பேருலதான் கேஸ் போட்டிருக்காங்க. டெக்னிக்கலுக்கு அதுதானே பொறுப்பு. நாம ஒண்ணும் சொல்லிக்க வேணாம். வெளியூருப் பொண்ணு, ஒடம்பு தேறினா அது ஊரு பாத்துப் போயிரும்."

"அவர் வேண்டாம் என்றாரே, தலைவரே."

"ஊருதானே கை தூக்குச்சு. ஊரு மேல கேஸ் போடுவாங்களா?" குவளையை வைத்தார். "அத வுடுங்க. ஏழாந்தேதி பிளாண்ட ஓட்டியாவணும். வெடிச்ச எடத்த ராயரு அடைச்சிட்டான். அன்னிக்கு மத்தியானம் அமோனியா லாரி வந்துரும். காலையில திடல்ல ஊரக் கூட்டுறேன். அந்தப் பொண்ணு சரியாப் பாக்கல, இனிமே பயமில்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும். ஜனம் பயந்து கெடக்கு. ஒங்க வாய்க்குத்தான் ஜனம் உக்காரும்."

நான் தண்ணீர் குடிக்க எழுந்து உள்ளே போனேன். அவர் போகும்வரை அடுக்களையிலேயே நின்றேன்.

ஆனி 4

வெளியூர் நண்பர் ஒருவர் தொலைபேசியில் நலம் கேட்டார். "ஒலிவாங்கியில் மக்களுக்கு வழிகாட்டினேன்," என்று அவரிடமும் சொன்னேன். பேசி முடித்ததும் கோமளவல்லி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் நின்றாள்.

"என்ன வழி காட்டினீங்க?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"நானும் அங்கதானே இருந்தேன். பொம்பளைங்க வரிசையில, மூணாவது நாற்காலி. மூக்கு எரியுது, கண்ணு எரியுது, எல்லாரும் எந்திரிக்கறாங்க. நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்கு நல்லாக் கேட்டுச்சு."

இத்தனை நாளாக எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

நான் பேசிக்கொண்டிருந்தேன். என் பேச்சு உச்சத்தை நெருங்கும் இடம். பின்வரிசையில் சலசலப்பு எழுந்தது. நெடி எனக்கும் எட்டியது. ஆனால் அந்த நெடி என்ன என்று எனக்குத் தெரியாது. அதற்கு நான் பெயர் வைத்திருக்கவில்லை. வணிகர்களின் ஆள்கள் கலகம் செய்கிறார்கள் என்று எண்ணினேன். "அஞ்சாதீர்கள்," என்றேன். "இருந்த இடத்தில் அமருங்கள்," என்றேன்.

எழுந்தவர்கள் அமர்ந்தார்கள். இருமிக்கொண்டே அமர்ந்தார்கள். சேலைத் தலைப்பால் பிள்ளைகளின் மூக்கை மூடிக்கொண்டு அமர்ந்தார்கள். நான் சொன்னேன் என்பதற்காக.

அருளிதான் ஓடிவந்தார். மேடை ஏறவில்லை, நேரே ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்கினார். என் வாய் அசைந்தது, ஓசை இல்லை. அப்போது அவர் கத்தினார்: "எந்திச்சு ஓடுங்க, காத்துக்கு எதுக்க ஓடுங்க." திடலில் பாதி கேட்காத அந்தக் குரல் அன்று கரைவரை கேட்டது. எல்லாரும் ஓடும்வரை கத்தினார். பிறகு உள்ளே போனார். அந்தத் தொண்டைதான் வெந்து கிடக்கிறது.

கோமளவல்லி என் முன்னால் சோற்றை வைத்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க," என்றாள்.

ஆனி 5

பேருந்தில் போனேன். ஆரஞ்சு வாங்கினேன், வாசலில் நின்றபோதுதான் தொண்டை வெந்தவருக்கு ஆரஞ்சு ஆகாது என்று தோன்றியது. காவலாளியிடம் கொடுத்துவிட்டேன்.

கட்டிலருகில் அவருடைய தாயார். நான் யார் என்று சொன்னேன்.

"நீங்கதானாய்யா அது? ஊர்ப்பட்ட பேரு வைப்பீயளாம்லா. போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்பா எம்மவ." முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "வலது கண்ணு தப்பிச்சுட்டாம். எடதுக்கு இன்னும் ஒண்ணுஞ் சொல்லல. போலீசு வேற ரெண்டு தடவ வந்துட்டுப் போயிட்டான். பேச முடியாதவட்ட என்னத்தக் கேக்க?"

கட்டிலில் இருந்தவரின் கை அசைந்தது. தாயார் வாயருகே காதை வைத்துக் கேட்டுவிட்டு, என்னை அந்த இடத்திற்கு வரச் சொன்னார். குனிந்தேன். மூச்சுதான் வந்தது, அதில் சொற்கள் இருந்தன.

"பலகையெல்லாம் கழத்தியாச்சா?"

நலமா என்று நான் கேட்குமுன் அவர் கேட்டது இது. இல்லை என்றேன். வெடித்த இடத்தை மட்டும் ராயர் அடைத்திருக்கிறார், நாளை மறுநாள் மீண்டும் அமோனியா நிரப்புகிறார்கள் என்றேன்.

அவர் கை என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது.

"எல்லாத் தாங்கியும் ஒரே மாதிரிதான்யா. ஒண்ணு விட்டுச்சு. மத்தது விடும். எங்கெங்க அடிச்சீங்கன்னு ஒங்களுக்குத்தான் தெரியும். பெயிண்டு மூடிருக்கு."

நெடுநேரம் இருமினார். தாயார் நீர் நனைத்த பஞ்சை உதட்டில் வைத்தார். நான் அப்போது கேட்டேன். ஆலை தொடங்கிய நாள் முதல் கேட்காததை, கண் கட்டிக் கிடப்பவரிடம் கேட்டேன்: அந்தச் சோதனை என்பது என்ன?

"காத்த அடச்சுப் பூட்டிட்டு, ஒரு நாள் விடணும். முள்ளு எறங்கக் கூடாது. எறங்கினா எங்கயோ ஓட்ட. அம்புட்டுதான்."

அவ்வளவுதான். கடைசி வரிசைப் பிள்ளைக்கும் விளங்கும். ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அழகான தொடர் ஒன்று தானாகவே அமைந்து நாவில் வந்து நின்றது. அதன் அழகு எனக்கே அருவருப்பாக இருந்தது. விழுங்கிவிட்டேன். "வருகிறேன், பெனிட்டா," என்றேன். ஏறாது என்று நான் சொன்ன பெயர், எந்தத் தடையும் இல்லாமல் நாவில் ஏறியது.

ஆனி 6

பிற்பகலில் ஆலைக்குப் போனேன். ஏணியில் ஏறிக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கையால் தடவினேன். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிகிறது. வண்ணத்தின் அடியில், கட்டியின் மேல் படிந்த தோல்போல, ஒவ்வொரு பலகையின் கீழும் ஒரு மேடு. என் எழுத்துகள் மேலே ஒளிர்கின்றன. ராயர் கீழே நின்றுகொண்டு, "அன்னிக்கே சொன்னேன்யா," என்றார். ஆம், சொன்னார். அந்த வரியைக்கூட வைகாசி 18-இல் எழுதி வைத்திருக்கிறேன், எழுதியும் படிக்கவில்லை.

கொல்லைக் குழாயின் துணியை அவிழ்த்துவிட்டு ஆள் வைத்துச் சரிசெய்தேன்.

காவல் நிலையத்திற்கு இன்றே போயிருக்கலாம். போகவில்லை. தனியாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் சிங்காரவேலு அதை மூடிவிடுவார். நாளை ஆலை ஓடும். எந்த வாயால் ஊரைக் கை தூக்க வைத்தேனோ, அந்த வாயாலேயே, அந்தத் திடலிலேயே சொல்ல வேண்டும். இப்படி எழுதும்போதே, மறுபடியும் ஒரு மேடையைத் தேடுகிறேனோ என்று அச்சமாகவும் இருக்கிறது. இருக்கட்டும். இந்த அச்சம் என் உரிமை.

ஆனி 7, காலை

திடலுக்குப் புறப்படுமுன், பேசப்போவதை இங்கே எழுதுகிறேன். எழுதியதிலிருந்து ஒரு சொல்லும் கூட்டமாட்டேன். கூட்டத் தொடங்கினால் அழகுபடுத்திவிடுவேன்.

அவையோரே, என் கடற்கரைச் சொந்தங்களே,

தலைவர் என்னை எதற்கு எழுப்பினாரோ, அதை நான் பேசப்போவதில்லை.

பொறியாளர் பெனிட்டா பிழை செய்யவில்லை. அவர் சோதித்துத் தேறிய குழாயில், அவர் இல்லாத நாளில், என் பெயர்ப்பலகைகளை மாட்டப் பற்றவைக்கச் சொன்னவன் நான். வேண்டாம், மறுபடி சோதிக்க வேண்டும் என்று இதே திடலில் அவர் சொன்னபோது, அவரை அஞ்சுகிறவர் என்று எள்ளியவன் நான். நீங்கள் கை தூக்கினீர்கள். உங்கள் மேல் குற்றமில்லை; குழாயைப் பற்றி உங்களைக் கேட்டதே என் குற்றம். ஊர் முழுதும் கை தூக்கினாலும் குழாயின் ஓட்டை அடைபடாது.

ஆலைக்குப் பொறுப்பாளனாக வருகிறவனுக்கு ஆலையைப் பற்றித் தெரிய வேண்டுமா என்று ஒருவர் என்னைக் கேட்டார். அன்று கைதட்டல் வாங்கிக்கொண்டு அவரை உட்கார வைத்தேன். இன்று மறுமொழி சொல்கிறேன். பற்றவைக்கத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் தெரிந்தவர் ஒருவர் 'வேண்டாம்' என்றால், அந்தச் சொல் எதைக் காக்கிறது என்று விளங்கிக்கொள்ளும் அளவுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அது தெரியாவிட்டால், கேட்க வெட்கம் இருக்கக் கூடாது. எனக்குத் தெரியவும் இல்லை, கேட்கவும் வெட்கப்பட்டேன். பெயர் வைத்ததையே அறிந்ததாக நினைத்தேன்.

விழா நாளில் உங்களை நெடிக்குள் அமர வைத்ததும் நான்தான். இருமிக்கொண்டு அமர்ந்த தாய்மார்களே, உங்கள் முகங்களை நான் பார்த்தேன். பார்த்தும் பேசினேன்.

இப்போது கேளுங்கள். நண்பகலில் அமோனியா ஊர்தி வருகிறது. வெடித்த ஓர் இடத்தைத்தான் அடைத்திருக்கிறார்கள். மற்ற இடங்கள் வண்ணத்தின் அடியில் அப்படியே இருக்கின்றன. அவை எங்கே என்பது எனக்குத் தெரியும். ஊர்தியை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். ராயரிடம் அறுக்கும் கருவி இருக்கிறது. ஒவ்வோர் இடத்தையும் என் கையால் தொட்டுக் காட்டுகிறேன், நீங்கள் பார்க்க அறுக்கட்டும். பெனிட்டாவோ, அவர் சொல்கிற பொறியாளரோ வந்து, முள் அசையவில்லை என்று சொல்லும்வரை ஒருவரும் அந்தப் பொறியை ஓட்ட விடாதீர்கள். நானே வந்து ஓட்டச் சொன்னாலும் விடாதீர்கள். பொறுப்பாளர் இருக்கையை இப்போதே விட்டுவிட்டேன். அறுத்து முடித்ததும் என்னோடு காவல் நிலையத்திற்கு வாருங்கள். சோ. பரிதிவாணன் என்னும் என் பெயரை வழக்கில் எழுதி, அவர் பெயரை அடித்து நீக்கும்வரை அந்த வாசலில் நில்லுங்கள்.

இதற்குக் கை தூக்க வேண்டாம். கைதட்டவும் வேண்டாம். அன்று உங்களை அமரச் சொன்ன வாய் இன்று கேட்டுக்கொள்கிறது.

எழுந்திருங்கள். ஆலைக்கு நடங்கள்.